உச்சியில் ஒரு வெளுப்பு

1989 பிப்ரவரி 10, மதராஸ்

லூர்து மேரி அக்காவின் இரண்டாவது மூளை ஸ்கேன் இன்று நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள் போனது. மண்டையோட்டைக் கழித்துவிட்டு, உள்ளே வெளுத்துத் தெரியும் கட்டியை அளந்து சொல்வது அதன் வேலை. கட்டி வளர்ந்துவிட்டது என்கிறது. டாக்டர் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என் கண்ணுக்கு அப்படியேதான் இருக்கு தெரசா. உங்க கணக்கு வேற சொல்லுதே."

வளர்ந்திருந்தால் ஆபரேஷன். பேச்சுக்கான இடத்தை ஒட்டிய கட்டி. கத்தி பட்டால் பேச்சு போகலாம்.

அக்காவுக்கா? பேச்சா?

பிப்ரவரி 11

பிழை தேடினேன். இல்லை. மற்றவர்கள் ஸ்கேனுக்கெல்லாம் ஒழுங்காகத்தான் சொல்கிறது.

பிப்ரவரி 17, இண்டூர்

அச்செடுத்த தாள்களோடு ஊருக்கு வந்துவிட்டேன். அக்கா "வா" என்றதோடு சரி. ஆபரேஷன் என்று கேட்டதிலிருந்தே இப்படித்தானாம்.

எப்படி இருந்தவள்! கணக்கில் தொண்ணூறு வாங்கி வந்தால், "மீதி பத்த எந்த மாடு மேஞ்சுது?" என்பாள். ஹாஸ்டல் வார்டன் என்னை வெளியே நிறுத்தியபோது இவள் வந்து கேட்ட கேள்வியில் அந்த அம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டார். என்னைத் திட்டுவதற்கென்றே பாட்டு கட்டுவாள். அந்த அக்கா எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 19

பூசைக்குக் கிளம்பும்போது அம்மா, உடம்புச் சூட்டுக்கென்று அக்காவின் உச்சியில் விளக்கெண்ணெய்ப் பஞ்சை அமுக்கி, மேலே கொண்டை போட்டாள். எனக்குப் பொறி தட்டியது.

"ஸ்கேனுக்குப் போனப்பவும் வெச்சியாம்மா?"

"பின்ன? மொத தடவ தெரியாம அனுப்பிட்டன். அந்த மிசினுக்குள்ள படுத்தா மண்ட சூடாயிடும்னு பக்கத்து வூட்டு ராமக்காள் சொன்னா. இந்தத் தடவ நல்லா நனைச்சு வெச்சுத்தான் அனுப்புனன்."

காந்தத்தால் எடுக்கும் அந்த ஸ்கேனில் எண்ணெய் பளீரென்று வெளுக்கும். தாள்களைப் புரட்டினேன். உச்சியில், மண்டையோட்டுக்கு வெளியே ஒரு மேடு! அதையும் தலைக்குள் சேர்த்து, கட்டி என்று அளந்திருக்கிறது என் புரோகிராம்.

ஆண்டவரே, அது மட்டுமாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 21, மதராஸ்

மேட்டை விலக்கி ஓட்டினேன். பழைய அளவேதான்! டாக்டர் எண்ணெயில்லாமல் மறுபடி எடுக்கச் சொல்கிறார். அதுவும் சரிதான்.

மார்ச் 9

எடுத்தாயிற்று. வளரவில்லை. ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 10, இண்டூர்

தருமபுரியில் அம்மா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர், "இண்டூர்ல நிக்காது, எறங்குங்க" என்றார்.

"ஏன் நிக்காது?" அக்காதான்! "ரோட்டு மேல ஊரு இருக்குது, ஊருல நாங்க இருக்கறோம். உங்க வண்டி மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் போவுமா? எறங்க மாட்டன். போயி டிரைவரக் கூட்டியாங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "சும்மா இருடி மேரி" என்று அம்மா அவள் முந்தானையை இழுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நன்றாக அழுதேன்.

பஸ் இண்டூரில் நின்றது.