வகிட்டில் பிரிந்த தண்ணீர்

டீச்சரம்மா, நேற்றுக் காலை பேத்தி லேப்டாப்பில் பெங்களூர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். மழைநீர்க் கால்வாய் வேலையில் இன்ஜினியர் அவள். எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர், சொல்லாமல் இருக்க முடியுமா? ஊருக்கு நடுவே வடக்கு தெற்காக ஒரு கோடு ஓடியது. "என்னடி இது, வகிடு எடுத்த மாதிரி?" என்றேன். "வாட்டர்ஷெட், பாட்டி" என்றாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்கள் வலது கை விளங்காமல் போன பிறகு, தினமும் காலையில் எதிர்வீட்டிலிருந்து வந்து உங்களுக்குத் தலை வாரிவிட்டது நான்தான். நீங்கள் பூகோள டீச்சர். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். அன்று வகிடு எடுத்ததும், "இதுதாம்மா வாட்டர்ஷெட். இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துல வகிட்டையே ஷெட்னுதான் சொன்னான்" என்றீர்கள்.

"சைக்கிள் ஷெட் தெரியும், கார் ஷெட் தெரியும். எனக்குக் காது குத்தாதீங்க."

நீங்கள் இடக்கையால் செம்பை எடுத்து உச்சியில் கவிழ்த்தீர்கள். தண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் ஓடியது. "நம்ம மல்லேஸ்வரத்து மேட்டுல விழற மழையும் இப்படித்தான். இந்தப் பக்கம் காவிரிக்கு, அந்தப் பக்கம் தென்பெண்ணைக்கு. புரியுதா, அஞ்சாம் கிளாஸ்?"

உங்கள் மருமகள் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள்.

ஒரே மழை எப்படி ரெண்டு ஆத்துக்குப் போகும்? படிக்காதவள்தானே என்று மாமியாரும் மருமகளும் சேர்ந்து விளையாடுகிறீர்கள் என்றே நினைத்தேன். சீப்பை வைத்துவிட்டு வந்தவள் நாலு நாள் எட்டிப் பார்க்கவில்லை. "அஞ்சாம் கிளாஸ் எங்கே, தலை சிக்காக் கிடக்குது" என்று வேலைக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். அதிலும் எனக்குக் கேலிதான் கேட்டது.

ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முடியை வகிடில்லாமல் பின்னால் இழுத்து முடிந்திருந்தார்கள். மருமகள் சீப்பை என் கையில் கொடுத்தாள். அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. வகிடு எடுத்தேன்.

நேற்று பேத்தி தேடிப் படித்துக் காட்டினாள். ஷெட் என்றால் பழைய இங்கிலீஷில் பிரிப்பதாம், வகிட்டுக்கும் அதே பேராம். "யாரு எழுதினதோ, இன்னொண்ணுல பாருடி" என்றேன். அதிலும் அப்படியேதான் இருந்தது.

நாம் பார்க்கிற வெயில் எட்டு நிமிஷம் பழசு என்றும் ஒருநாள் சொன்னீர்கள். அதை நான் இன்னும் நம்பவில்லை. பேத்தியிடம் கேட்கவும் இல்லை. அதுவும் நிஜமாகிவிட்டால், உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இரண்டாகிவிடும்.