மூன்று காலத்திலும் நாற்று நட்டவள்

பக்கத்து வீட்டு இரும்புக் கதவுக்கு இன்று வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து அந்த நெடி ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. அந்த நெடிக்கும் உங்களுக்கும் உள்ள உறவு இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘முக்காலத்தையும் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மறைந்தார்’ என்று உங்கள் படத்தோடு பத்திரிகையில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நான் அழவில்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

‘நீ’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு எட்டு வயதுப் பிள்ளைகூட என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டது. ஆனால் எனக்குக் கை வரவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு அவ்வளவு நெருக்கம் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே நம் ஊரில் பாதி நிலம் உங்கள் குடும்பத்துடையது. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அது மாட்டுக்காரர் பேரிலும், சமையல்காரர் பேரிலும், காசிக்குப் போய்த் திரும்பாத மாமா பேரிலும் பிரிந்துபோய், அறுப்புக் காலத்தில் மட்டும் நெல்லாக உங்கள் களத்துக்கே திரும்பி வந்தது. என் அப்பா முருகையன் அந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். நீங்கள் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை. கல்லூரியில் படிக்கும்போதே பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டிவிட்டு, கரைவேட்டி கட்டி மேடையேறியவர். எங்கள் தெருவுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த முதல் பெரிய வீட்டுப் பிள்ளை. “ஆண்டைன்னு கூப்பிடாதே முருகையா, தோழர்னு கூப்பிடு” என்றீர்களாம். அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார். அவர் மட்டும் உங்களைத் தோழர் என்று கூப்பிட வேண்டும், நீங்கள் அவரை முருகையா என்றே கூப்பிடலாம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று மாதக் குழந்தையான என்னை மேடையில் உங்கள் கையில் கொடுத்துப் பெயர் கேட்டார்கள். தமிழரசி என்றீர்கள்.

எனக்கு ஆறு வயதானபோது அந்தத் தீ. நெல் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அறுப்புக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். உங்கள் அப்பா வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார். கட்டுக் கட்டாகக் களத்தில் போர் போட்டிருந்த நெல், ஒரு நடுப்பகலில் எரிந்தது. அன்று சாயங்காலமே போலீஸ் வந்து அப்பாவையும், அஞ்சம்மாள் அத்தையின் புருஷன் கோவிந்தனையும் இழுத்துக்கொண்டு போனது. பதினாலு மாதம். அப்பா ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தார். கோவிந்தன் மாமா திரும்பி வரவே இல்லை. நீங்கள் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டீர்கள், நாடகம் எழுத.

நீங்கள் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தது நான் பால்வாடி ஆசிரியையாக இருந்தபோது. தொலைக்காட்சித் தொடர் எழுதிப் பெயர் வாங்கியிருந்தீர்கள். எல்லோரும் உங்களை ‘சார்’ என்றார்கள். காலத்துக்குள் பயணம் போகும் ஒரு விஞ்ஞானியின் கதையைச் சொந்த ஊரிலேயே எடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். ராஜா காலம், நம் காலம், ஐந்நூறு வருடம் கழித்து வரும் காலம்; மூன்றிலும் அதே முகங்கள். நாற்று நடத் தெரிந்த, பேசவும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றீர்கள். அப்பா யோசித்தார். “பொம்பளப் புள்ளைய கேமரா முன்னால நிறுத்தறதா” என்று இழுத்தார். அப்போதுதான், அம்மா கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் அதைச் சொன்னீர்கள்.

“முருகையா, போருக்கு நெருப்பு வச்சது நீ இல்லன்னு எனக்குத் தெரியும். எங்க நிலத்தப் பாத்துக்கற காரியக்காரர் வச்சாரு. மாடியில நின்னு என் கண்ணால பாத்தேன்.”

அப்பா கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு, “திருப்பிச் சொல்லுங்க” என்றார். நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள்.

“பதினேழு வருஷம் ஆச்சுங்க. இத ஊர்ல வந்து சொல்லுங்க.”

“ஊர் என்ன முருகையா, தமிழ்நாட்டுக்கே சொல்றேன். கதையே அதான். விஞ்ஞானி காலத்துக்குள்ள போயி அந்தத் தீயப் பாக்கறான். யாரு வச்சான்னு உன் பொண்ணு வாயாலயே வரும்.”

அப்பா அதற்குமேல் யோசிக்கவில்லை. நான் நடிக்க வந்தது உங்கள் கலைக்காக இல்லை என்பது இப்போதாவது தெரிந்திருக்கட்டும்.

ரைஸ் மில்லில் கிடந்த பழைய நெல் அவிக்கும் தொட்டியைக் கவிழ்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அதைக் காலயந்திரம் என்றீர்கள். பெயிண்ட் காயுமுன்னே ஏறச் சொல்வீர்கள். அந்த விஞ்ஞானி நடிகரின் பேண்டெல்லாம் வெள்ளி. ராஜா காலத்தில் எனக்கு ரவிக்கையில்லாமல் ஒரு சேலை. வயலில் இறங்கி நட்டேன். நம் காலத்தில் என் சொந்தச் சேலையே போதும் என்றீர்கள், நட்டேன். வருங்காலத்துக்கு உங்கள் வாய்க்கால் ஓரத்து வயலைச் சுற்றிக் கண்ணாடித் தாள் கட்டினீர்கள். எனக்கு வெள்ளித் துணியில் சட்டை, தலையில் கம்பி வைத்த தொப்பி. அதைப் போட்டுக்கொண்டும் குனிந்து நட்டேன். உங்கள் அண்ணனைப் போலவே மீசை வைத்த நடிகர் ராஜா காலத்தில் நாட்டாண்மை, நம் காலத்தில் நல்ல மிராசுதார், வருங்காலத்தில் ஏதோ ஒரு கிரகத்துக்கே தலைவர்.

“சார், ஐந்நூறு வருஷம் கழிச்சும் நான்தான் நடணுமா? மெஷின் வந்திருக்காதா?” என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காமல், “நடவு அழகு, தமிழரசி. அது மாறக்கூடாது” என்றீர்கள்.

குனிந்து ஒருநாள் நட்டுப் பார்த்தவர் வாயில் அந்தச் சொல் வராது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். அந்தத் தீக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் காட்சிக்கு எழுதிய தாளை அன்று காலையில்தான் கொடுத்தீர்கள். விஞ்ஞானி யந்திரத்திலிருந்து இறங்கி, எரிகிற போருக்கு முன்னால் என்னைப் பிடித்து நிறுத்தி, ‘யார் செய்தது?’ என்று கேட்கிறான். நான் அழுதுகொண்டே சொல்ல வேண்டிய வசனம்: ‘என் தந்தைதான். பசி அவர் கண்ணை மறைத்துவிட்டது. மன்னித்துவிடுங்கள்.’ அதற்கு அந்த நல்ல மிராசுதார் என் தலையில் கைவைத்து மன்னிக்கிறார்.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன். “சார், இது மாறிப் போச்சு.”

“மாறலம்மா. இப்படித்தான் வரணும்.”

“எங்க வீட்ல வந்து நீங்க என்ன சொன்னீங்க?”

சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலைத் தணித்தீர்கள். “அண்ணன் நிலத்துல எடுக்கறோம். அண்ணனுக்கு இந்தத் தடவ சீட்டு குடுக்கறாங்க. இப்பப் போயி... இது கதைம்மா. பசியாலதான் செஞ்சாருன்னு வச்சா சனங்க உங்க பக்கம்தான் அழுவாங்க.”

நான் போய்க் கேமரா முன்னால் நின்றேன். வைக்கோலைக் கொளுத்தினார்கள். விஞ்ஞானி கேட்டான். நான் அழவில்லை. “எங்கப்பா வைக்கல. பெரிய வீட்டுக் காரியக்காரர் வச்சாரு. மாடியில நின்னு பாத்தவங்க இருக்காங்க, அவங்களக் கேளுங்க” என்று உங்களைப் பார்த்தே சொன்னேன். திரும்ப எடுக்கச் சொல்வீர்கள், திட்டுவீர்கள் என்று நின்றேன். நீங்கள், “சரி, போதும். நல்லா வந்திருக்கு” என்றீர்கள். சிரித்தீர்கள்கூட. மனசு மாறிவிட்டீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவின் காதில் சொன்னேன். அப்பா அஞ்சம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னார். தொடர் வரும் செவ்வாய்க்கிழமைக்காக எங்கள் தெருவே காத்திருந்தது.

பஞ்சாயத்து டி.வி. இருக்கும் அறை அன்று சாயங்காலம் நிரம்பி, ஆட்கள் வாசலில் நின்றார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அத்தை. தீ வந்தது. என் முகம் வந்தது. என் வாய் அசைந்தது. ஆனால் வந்தது யாரோ ஒரு சென்னைப் பெண்ணின் குரல். பிசிறில்லாத, அழுகிற, அழகான குரல். ‘என் தந்தைதான்...’ என்றது. நான் பேசியதெல்லாம் போய், உங்கள் தாளில் இருந்தது அப்படியே வந்தது. பின்னால் உங்கள் வீட்டு ஆட்கள் சிலர் கைதட்டினார்கள்.

அத்தை எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். “ஏண்டி, உன் வாயால இப்படியா சொல்லுவ? உங்கப்பன விடு. எம் புருஷன் செத்தது உனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். என் காலடியில் துப்பிவிட்டு வெளியே போனாள். நான் எதைச் சொன்னாலும் அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்ததை மாற்ற முடியுமா?

அப்பா எழுந்தார். காது மந்தமானவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார். “எனக்கு ஒத்தக் காதுதான். ஆனாலும் எம் மவ குரல் எனக்குத் தெரியும். வாய் இவளது. குரல் இவளது இல்ல. கேட்டவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கங்க.” பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. அத்தை நம்பப் பல வருடம் ஆயிற்று.

உங்கள் அண்ணன் தேர்தலில் ஜெயித்தார். உங்களுக்கு மன்னார்குடியில் பாராட்டு விழா நடந்தது. நான் வந்திருந்தேன். மாலையோடு காரில் ஏறப் போனவரை நிறுத்தி, “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?” என்று ஒரே கேள்வி கேட்டேன். “அது பாத்திரம்மா. பாத்திரம் வேற, நீ வேற. படிச்ச பொண்ணு, இதுகூடப் புரியலயா?” என்றீர்கள். கார்க் கண்ணாடி ஏறிவிட்டது. மூன்றாவது வருடம் அப்பா இறந்தார். உங்களுக்குச் செய்தி வந்ததா என்று யாரோ கேட்டபோது, ‘வந்தது, படப்பிடிப்பில் இருந்தேன்’ என்றீர்களாம்.

போன வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தபடி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். வரக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்தேன். கையெல்லாம் ஊசி குத்திக் கறுத்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“மனச அறுக்குது தமிழரசி. இன்னொரு பாகம் எழுதப் போறேன். அந்த விஞ்ஞானி திரும்ப ஒருதடவ அந்தக் காலத்துக்குப் போறான். எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.”

“எந்தக் காலத்துக்கும் போக வேணாம்” என்று சொல்லி, என் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்தேன். “நெருப்பு வச்சது யாரு, நீங்க எங்க நின்னு பாத்தீங்க. ரெண்டு வரி. கீழ கையெழுத்து. போதும்.”

பேனாவைக் கையில் வாங்கினீர்கள். எழுதாமல் கண்ணை மூடிக்கொண்டீர்கள். “அண்ணன் பேரன் நிக்கிறான் இந்தத் தடவ” என்றீர்கள். பிறகு, “நாளைக்கு வாயேன்.”

மறுநாளும் வந்தேன். உங்களைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தது.

நேற்று நீடாமங்கலத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம். ‘மூன்று காலத்திலும் நடித்த அம்மையார்’ என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் பெயர் போட்டிருந்தார்கள். போனேன். அஞ்சம்மாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். எண்பதைத் தாண்டியவள், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு முன்னால் பேசிய ஏழு பேரும் உங்கள் தீர்க்கதரிசனத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் நாலு நிமிடம்கூடப் பேசவில்லை. நீங்கள் எங்கள் வீட்டில் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை, சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். ஆஸ்பத்திரியில் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். செத்தவரை இப்படிப் பேசலாமா என்று ஒருவர் கத்தினார். உங்கள் அண்ணன் பேரன் எழுந்து வெளியே போனான். அத்தை மட்டும், “கோவிந்தன் பேரையும் சொல்லுடி” என்றாள். சொன்னேன். இறங்கி வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கடைப் பலகையில் உட்கார வைத்தேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் மடல் நன்றாக முடியும். எழுத மாட்டேன். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்தக் கோபம் ஒன்றுதான். உங்கள் சாவுக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

“இப்ப மனசு ஆறுச்சா?” என்று அத்தை கேட்டாள்.

“இல்ல அத்த.”

“எனக்கும் இல்ல” என்றாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நானும் உட்கார்ந்தேன்.