நடுவரின் இடது கண்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கண்ணாடி குழிக்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் மீட்டர் படிக்கிறவன் ஒரு நாளைக்கு நூறு குழியாவது எட்டிப் பார்க்க வேண்டும். கூடவே கண்ணாடிக்கும் எட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா, "மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு மீட்டரும் தவளையும் ஒன்றுதான். "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவி இரண்டு வருடமாகச் சொல்வதையே இன்றும் சொன்னாள். "லேசர் பண்ணிக்கங்க. எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்காங்க." வழக்கமாக "பார்க்கலாம்" என்பேன். இன்று "சரி" என்றேன். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மார்ச் 5, வியாழன்

ஏன் சரி என்றேன்? நோட்டே, உன்னிடம் மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஃபுட்பால் நடுவர். மைதானத்தில் கண்ணாடி போட்டதே இல்லை. நடுவரைப் பார்த்து ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வியே கண்ணு தெரியலையா என்பதுதான். அதற்குப் பதிலை நாமே மூக்கின் மேல் மாட்டிக்கொண்டு போவதா? அதனால் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். அது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன ஜூன் மாத இறுதிப் போட்டி. தபால் அணியும் தீயணைப்பு நிலைய அணியும். தீயணைப்பு அணிக்குப் பயிற்சியாளர் என் மச்சான் - மனைவியின் அண்ணன், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். அறுபதாவது நிமிடம் மண் காற்று அடித்தது. கண்ணைக் கசக்கினேன். இடது கண் லென்ஸ் போயே போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அறுபத்தேழாவது நிமிடம் அவர்கள் பையன் தலையால் முட்டிய பந்து மேல்கம்பத்தில் பட்டு, கீழே குத்தி, வெளியே வந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? எனக்கு இரண்டு பந்தும் மூன்று கோடும் தெரிந்தன. லைன்ஸ்மேனைக் கேட்கலாம் என்றால் அவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. கோல் இல்லை என்று கை ஆட்டிவிட்டேன்.

அவர்கள் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். யாரோ எடுத்த வீடியோவில் ஒருவருடைய தொப்பிதான் முழுக்கத் தெரிகிறது. "என் ரெண்டு கண்ணால பார்த்தேன், கோல் இல்ல" என்று எல்லாரிடமும் சொன்னேன். மனைவியிடமும் வாய் கூசாமல் சொன்னேன். ஞாயிறு சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து என்னை வம்புக்கு இழுக்கிற மச்சான், ஒன்பது மாதமாக இந்த வாசற்படி ஏறவில்லை. முன்பெல்லாம் மாப்ள. இப்போது எங்கே பார்த்தாலும் சார். அந்த சார் எனக்குத் தாங்கவில்லை.

இனிமேல் அப்படி நடக்காமல் இருக்க லேசர் இருக்கிறது. நடந்ததற்கு?

மார்ச் 7, சனி

கண் மருத்துவமனை. வரிசையாக ஏழு இயந்திரங்களில் தாடையை வைத்தேன். டாக்டரம்மா, "கருவிழி நல்ல தடிமனா இருக்கு, தாராளமா பண்ணலாம்" என்றார். "அங்கயுமா?" என்றாள் மனைவி, என் தொப்பையைப் பார்த்து. பத்து நாள் லென்ஸ் போடக் கூடாதாம். நாளை ஆட்டம் இருக்கிறதே! ஃபுட்பால் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு முதுகுப் பிடிப்பு என்று அளந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

செயலாளர் தைலத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பழைய கோல்கீப்பர், உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. குப்புறப் போட்டு அரை மணி நேரம் தேய்த்தார். இப்போது நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது.

மார்ச் 18, புதன்

(அவர் கண்ணுக்கு ஓய்வு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். - மனைவி)

ஆபரேஷன் முடிந்தது. வலியே இல்லை. (கையை நசுக்கினாரே, என் கைக்கு வலித்தது.) கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். இமை மூடாமல் ஒரு கிளிப். பச்சை விளக்கையே பாருங்கள், அசையாதீர்கள் என்றார் டாக்டர். அசையவில்லை. (கால் ரெண்டும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னார்.) முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தைரியமாக எழுந்து நடந்து வந்தேன். (சுவரைப் பார்த்து.)

(தூங்கிவிட்டார். மூடி வைக்கும்போது காற்றில் பக்கம் புரண்டது. காற்றே அடிக்கவில்லை, நான்தான் புரட்டினேன். மார்ச் 5 படித்தேன்.)

மார்ச் 19, வியாழன்

எழுத்து தெரிகிறது, நேற்று அவள் எழுதிய கடைசி வரி உட்பட. எதிர் வீட்டு மாடியில் காயும் துணியின் கிளிப் தெரிகிறது. மனைவியின் முகமும் தெளிவாகத் தெரிகிறது. அது ஒன்று மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்திருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

சொட்டு மருந்து நாலு வேளை. விடுகிறவள் அவள். மல்லாந்து படுத்து, இமையை அவள் விரலில் கொடுத்துவிட்ட பிறகு தப்பிக்க முடியுமா?

"எங்கண்ணன் என் கூடப் பேசி எத்தனை மாசம் ஆச்சு?" ஒரு சொட்டு. "உங்களுக்காகத்தான் நான் அவர்கிட்ட சண்டை போட்டேன், தெரியுமா?" இன்னொரு சொட்டு. "நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் நோட்டை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

கன்னத்தில் வழிந்தது. மருந்து என்று சொன்னேன். முழுக்க மருந்து இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். மச்சான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். வெயிலில் கழற்றக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதை மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க மனது வரவில்லை. லென்ஸ் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப அது கோலா?"

"தெரியாது மச்சான். நான் பார்க்கவே இல்ல. பார்க்காமலே இல்லன்னு கை ஆட்டிட்டேன்."

தண்ணீர் ஒரே சக்கரத்தின் மேல் ரொம்ப நேரம் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு வண்டியில திரும்பும்போது என் பசங்க ஒருத்தனும் வாயத் திறக்கல" என்றார். பிறகு குழாயை வேறு பக்கம் திருப்பினார். "கண்ணுல தண்ணி படக் கூடாதுல்ல? தள்ளி நில்லுங்க சார்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "தள்ளி நிக்கச் சொன்னாரா? அப்ப பரவாயில்ல" என்றாள். ஆனாலும் நான் இன்னும் சார்தானே?

மார்ச் 29, ஞாயிறு

சங்கக் கொட்டகையில் இரண்டு அணிகளையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். மச்சான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தபால் அணித் தலைவர் எழுந்து, "கோப்பையைத் திருப்பிக் கேட்பீங்களா? அதுல நாங்க செடி வச்சிருக்கோம்" என்றார். முடிவை மாற்ற முடியாது என்றார் செயலாளர், செடிக்கு ஆபத்தில்லை. எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கண் டாக்டரின் சான்றிதழ் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

எல்லாரும் போன பிறகு செயலாளர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த முதுகு?"

ஏப்ரல் 26, ஞாயிறு

டாக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். முதல் ஆட்டமே அதே இரண்டு அணிகள். பலகையில் என் சான்றிதழை நின்று படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓடினேன்.

எண்பத்தோராவது நிமிடம் வரை கோலே இல்லை. தீயணைப்புப் பையன் உதைத்த பந்து கீப்பர் கையிலிருந்து நழுவி உருண்டு கோட்டில் நின்றது. நான் நாலடி தூரத்தில் இருந்தேன். பந்தின் தையல் தெரிந்தது. தையலில் ஒட்டிய புல் தெரிந்தது. பந்துக்கு அடியில் சுண்ணாம்புக் கோடும் தெரிந்தது. முழுசாகத் தாண்டவில்லை. கீப்பர் பாய்ந்து அணைத்துக்கொண்டார்.

போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார் என்று நினைத்துக்கொண்டே, கோல் இல்லை என்று கை ஆட்டினேன்.

ஓரத்திலிருந்து ஒரு தொப்பி பறந்து வந்து விழுந்தது.

"யோவ் மாப்ள! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எந்த டாக்டர்யா உனக்கு ஆபரேஷன் பண்ணது?"

நடுவர் சிரிக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே மஞ்சள் அட்டை காட்டினேன்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வந்தவர் தங்கையை ஏறிட்டும் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்தார். கூடத்துத் தரையில், இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டில் வைத்தார்.

"பந்து இங்கதானய்யா இருந்துச்சு?"

"இல்ல மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? நல்லா குனிஞ்சு பாரு மாப்ள!"

இருவரும் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தோம். அவர் பழத்தை ஒரு விரலால் தள்ளினார், நான் திரும்பத் தள்ளினேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் மனைவி வந்து பழத்தை எடுத்துப் போய் மூன்று டம்ளர் ஜூஸ் பிழிந்துவிட்டாள்.