முதலிடத்தில் வாலு

என் செல்ல வாலுவுக்கு,

நானும் உன் அத்தானும் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து உருவாக்கிய கம்ப்யூட்டர் கேமை உன் பத்திரிகையில் வறுத்தெடுத்திருந்தாய். அக்காவுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! "பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்" என்ற வரிக்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. போகட்டும்.

போன வாரம் எங்கள் கேமின் மதிப்பெண் பட்டியலைத் திறந்தால் முதலிடத்தில் 'வாலு'! உருவாக்கிய எங்களுக்கே பிடிபடாத கடைசிக் கட்டத்தையும் தாண்டியிருக்கிறாய். பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டாயா? வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "அடிப்பாவி! எழுதுறது ஒண்ணு, செய்யறது ஒண்ணா? தள்ளு, நான் பாக்கறேன்" என்று என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து சாப்பிட மட்டும்தான் எழுந்திருக்கிறாள்.

சீக்கிரம் வீட்டுக்கு வா. இப்போது உனக்கு இரண்டாமிடம்.

உன் அக்கா