ஆணியில் தொங்கும் நாற்பத்தேழு

லூபோக் மாஸ்,
சுங்காய் வழி, பேராக்.
சுபானு வருஷம், மாசி 19.
ஜப்பான்காரன் கணக்கில் 2604. நமக்கெதற்கு அது.

சிரஞ்சீவி ஜெயபாலனுக்கு அப்பா ஐயாவு எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உடம்பில் பாதி இருக்கிறது, மீதிப் பாதியையும் சேர்த்து நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறோம். பூசாரி ஊரை விட்டுப் போய் ஒரு வருஷமாகிறது, விளக்கை நானேதான் ஏற்றுகிறேன், ஆகையால் வேண்டுதல் நேராகவே போகிறது, நடுவில் ஆள் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம். ரயிலில் கரி அள்ளிப் போடுகிற நம் ராஜு மாதம் ஒரு தடவை சிங்கப்பூர் வரைக்கும் வருகிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூருக்கு அவர்கள் வேறு பேர் வைத்திருக்கிறார்களாம், அது என் வாயில் நுழையவில்லை. அம்மாவுக்குக் காலில் புண், வெற்றிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிறாள். அரிசியைப் பார்த்து நாளாயிற்று, மரவள்ளிதான், காலையிலும் அதுவே மாலையிலும் அதுவே, பேர் மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சமைக்கிறாள்.

நீ இந்த இரண்டு வருஷத்தில் மூன்று கடிதம் போட்டாய், மூன்றும் அம்மா பேருக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பது உனக்கும் தெரியும். மூன்றிலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் கடிதத்தில் மறந்துவிட்டாய் என்று நினைத்து, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று நானே கடைசியில் ஒரு வரி சேர்த்துப் படித்தேன். இரண்டாவதிலும் சேர்த்தேன். போன மாதம் வந்த மூன்றாவதில், அந்தப் பாழூரில் இனி இருக்க வேண்டாம் அம்மா, ராஜுவோடு நீ மட்டும் புறப்பட்டு வா என்று எழுதியிருந்தாய். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்று படித்தேன். இத்தனை வயதுக்குமேல் பெற்ற பிள்ளை எழுதாததைப் படிக்கக் கற்றுக்கொண்டேன் பார். அம்மா ஆசையாகத்தான் கேட்டாள், போலாமா என்றாள், நான் விளக்கேற்றக் கோயிலுக்குப் போய்விட்டேன். நான் ஏன் இந்த ஊரை விட்டு வரவில்லை என்பதையும் நீ ஏன் என்னைக் கேட்பதில்லை என்பதையும் இப்போது எழுதுகிறேன். இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

ஊரை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. நான் வந்தபோது இங்கே ஒரு கொட்டகையும் ஒரு குழியும்தான். பிறகு மலைக்குள் தங்க ரேகை பிடிபட்டது, பத்தே வருஷத்தில் ஒரு தெரு முழுக்கக் கடை, அடகுக் கடை இரண்டு, சீனத் தட்டார் மூன்று பேர், கூடாரத்தில் படம் காட்டுவான், திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து நாதஸ்வரம் வரும். தங்க ஊரில் பெண் கொடுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், வந்து பார்த்தால் நம் பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். பொட்டுத் தங்கம் போட்டிருந்தாலும் குழியிலிருந்து திருடினது என்று வாசலில் நிறுத்தி விசாரிப்பார்களே, யாருக்குப் போடத் துணிச்சல் வரும். அப்புறம் ரேகை மெலிந்தது, நீ கல் அரைக்கிற ஆலையில் சேர்ந்த வருஷமே கூலி லயத்தில் பாதி வீடு காலி. மிச்சத்தைச் சண்டை முடித்து வைத்தது. போனவர்கள் துத்தநாகத் தகட்டைக்கூட உருவிக்கொண்டு போனார்கள், வீட்டுக்குள் பப்பாளி முளைத்துக் கூரை இருந்த இடத்துக்கு வெளியே தலை நீட்டுகிறது. நாவிதன் கடைக் கண்ணாடியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எதிரே தெரு இல்லை, காடுதான், கண்ணாடி முழுக்கக் காடு தெரியும், நான் கடந்து போகும்போது அதற்குள் ஒரு கிழவன் நடந்து போவான். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது சத்தமில்லாததுதான். இருபத்திரண்டு வருஷம் குழித் தண்ணீரை இறைக்க என் கையில் இரவு பகல் ஓடின பம்பு. அது நின்ற நொடியில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன.

அந்த நாளைச் சொல்கிறேன், நான் பார்த்தவரைக்கும். மார்கழி மாதம், ஈப்போ விழுந்துவிட்டது என்று சேதி. மதியத்துக்குமேல் துரை ஓடி வந்து, ஜப்பான்காரனுக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது, குழியைத் தண்ணீரில் முக்கு, பம்பை நிறுத்து என்றான். நான்கு மணிக்கு ஆற்றுப் பாலத்துக்கு வெடி வைக்கிறார்கள், அதற்குள் தாண்ட வேண்டுமாம். முன்கூட்டியே சங்கு ஊதி ஆட்களை ஏற்றினோம். நம் குழி வழக்கம் உனக்குத் தெரியும். இறங்குகிறவன் தன் நம்பர் வில்லையை வாசல் பலகை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்து தன் கையாலேயே எடுப்பான். மாட்டினவன்தான் எடுக்க வேண்டும், வேறு கை பட்டால் அவன் மேலே வரமாட்டான் என்பார்கள். பலகையில் ஒன்று மிச்சம் தொங்கியது. நாற்பத்தேழு. சன்னாசியின் நம்பர். அடுத்த கதவுக் கருப்பம்மாளின் புருஷன். ஒரு ஆள் கீழே இருக்கிறான் துரை என்றேன். கங்காணி குறுக்கே வந்து, அவன் சோம்பேறிலா, வில்லைய எடுக்காம ஓடியிருப்பான், நீ நிப்பாட்டு என்றார். துரை கடிகாரத்தைக் காட்டிக் கத்தினான். நான் நீராவியை மூடினேன். யாரும் என் கையைப் பிடித்து மூட வைக்கவில்லை, நான்தான் மூடினேன்.

மூடின பிறகு, குழிக்குள் இறங்கும் பம்புக் குழாயில் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. மூன்று தட்டினால் ஆள் ஏறவேண்டும், ஆள் தூக்கும் கூண்டை இறக்கு என்று அர்த்தம், இருபத்திரண்டு வருஷம் அதற்குப் பதில் சொன்ன காது இது. சூடு ஆறுகிற குழாய் இப்படித்தான் தட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடு ஆறுகிற குழாய் எண்ணித் தட்டாது. அதற்குள் துரையின் ஆட்கள் கயிற்றை வெட்டிக் கூண்டைக் குழிக்குள் தள்ளிவிட்டார்கள்.

அன்றிரவு கருப்பம்மாள் வந்து, அண்ணே, அவுரு ஏறி வந்தாரா, நீங்க பாத்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன், பாலத்துப் பக்கம் ஓடினான் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் இந்த ஊரிலேயே உட்கார்ந்தாள், திரும்பி வந்தால் இந்த வாசலுக்குத்தானே வருவார் என்று. எல்லாரும் போனார்கள், அவள் போகவில்லை, அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன். எங்கள் கிழங்கில் பாதி அவளுக்கு. அவள் கும்பிட்டு வாங்கும்போது எனக்கு உடம்பு கூசும். தினம் காலையில் குழி வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்ப்பேன், வில்லை தொங்கும். தண்ணீர் குழி வாய்க்குக் கொஞ்சம் கீழே கறுப்பாக நிற்கும். மழை நாளில் அந்தக் குழாயில் மூன்று தட்டு கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

தை மாதக் கடைசியில் ஜப்பான்காரர்கள் லாரியில் ஒரு எண்ணெய் இஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தங்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், தண்ணீரை இறை என்றார்கள். இந்தக் குழாய் வழி தெரிந்தவன் நான் ஒருவன்தானே. டீசல் கிடையாது, ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓட்டினேன், ஊரெல்லாம் பிணம் எரிகிற வாடை. பம்புச் சத்தம் கேட்டதும் அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள், பழைய நாள் திரும்பிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தாளாம். கருப்பம்மாள் வந்து பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். நம்பர் அவளுக்கும் தெரியும், என் பொய்யை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஏழடி, எட்டடி இறங்கியது.

பதினோராம் நாள் இரண்டாம் அடுக்கு தெரிந்தது. இறங்கிப் பார்த்து வா என்றார்கள். கார்பைட் விளக்கோடு ஏணியில் இறங்கினேன், சன்னாசியைப் பார்க்கத்தான் இறங்கினேன், பார்த்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அந்த அடுக்கு முழுக்கத் தேடினேன், சேறும் உளுத்த மரமும்தான், ஆள் இல்லை, எலும்பு இல்லை. கோடியில் அந்தக் காலத்துச் சீனர்கள் தோண்டின பக்கத்துளை ஒன்று ஆற்றோரம் வரைக்கும் மேலேறிப் போகும் அல்லவா, அதன் வாயில் ஒரு தூக்குச் சட்டி கிடந்தது. கைப்பிடி பித்தளைக் கம்பி. பம்பில் மிச்சமான கம்பியை முறுக்கி நானே போட்ட கைப்பிடி. அப்படி ஒன்று இந்த உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. சட்டியை அம்மா முன்னால் வைத்தேன், அவள் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பம்பு நின்ற அன்றைக்கு நீ கொல்லைப்புறமாக வந்தாயாம், கழுத்து வரைக்கும் செம்மண் சேறு, ஆற்றில் விழுந்துவிட்டேன், அப்பாட்ட சொல்லாதம்மா என்றாயாம். அவளும் சொல்லவில்லை. விடிந்ததும் ஒரு வாய் சாப்பிடாமல், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், ஆற்றைக் கடந்து, தெற்கே போகிற பட்டாள லாரியில் ஏறிப் போனாய். பயத்தில் ஓடுகிறாய் என்று நான் நினைத்தேன். கங்காணிக்கு முகம் வேண்டாம், நம்பர்தான் வேண்டும், ஆகையால் ஒருவன் வில்லையில் இன்னொருவன் இறங்குவது நம் குழியில் புதிது இல்லை. சன்னாசியின் வில்லையை மாட்டி இறங்கினவன் நீ, பக்கத்துளை வழியாக ஆற்றோரம் தவழ்ந்து வெளியே வந்தவனும் நீ. நீ ஏன் இறங்கினாய் என்று கேட்கமாட்டேன். குழியை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நச்சரித்தாய், நான் செத்தாலும் விடமாட்டேன் என்று உன்னை மேலே ஆலையில் சேர்த்துவிட்டேன். குழிக்குப் புதியவன், சங்கு உனக்கு எட்டியிருக்காது. கூட இறங்கினவர்கள் நீ முன்பே ஏறிவிட்டாய் என்று நினைத்திருப்பார்கள்.

ஜெயபாலா, தட்டினாயா என்று உன்னைக் கேட்கவில்லை. தட்டினாய். கேட்டேன். இஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரிந்துதான் தட்டினாய். அப்பா இருக்கிறார், இறக்குவார் என்று தட்டினாய். அதற்குப் பதிலாகக் கூண்டு விழுந்தது. நீ என்ன நினைத்திருப்பாய் என்று இந்த ஏழு நாளும் யோசித்துப் பார்த்துவிட்டேன், உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீழே இருப்பது நீ என்று தெரிந்திருந்தால் மூடியிருப்பேனா? மாட்டேன், துரை சுட்டிருந்தாலும் மாட்டேன். இதை உனக்குச் சமாதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுதும்போதே வெட்கமாகிவிட்டது. என் பிள்ளை என்றால் மூடமாட்டேன், சன்னாசி என்றால் மூடுவேன், அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. இது சமாதானம் இல்லை, இதுதான் என் குற்றம். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் உனக்கென்று தெரிந்து செய்யவில்லை, அதை மட்டும் நம்பு.

கருப்பம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து, காலில் விழப்போனேன், விடவில்லை. சேவக்கட்டுக்குத்தான் போயிருப்பாரு அந்த மனுசன், அன்னிக்குக் கூடையில செவலச் சேவலும் இல்லலா, பட்டாளத்தான் பிடிச்சிட்டான்னு நெனச்சேன், பாவி மனுசன் வேலைக்குப் போறேன்னுல்ல சொல்லிட்டுப் போனாரு என்று ஆரம்பித்தாள் பார், இரண்டு வருஷத்துத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டினாள், சிரித்தாள், அழுதாள். நேற்று கால்நடையாகவே சுங்காய்க்குப் போய்விட்டாள், எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்கப் போகிறாளாம். பாலம் போனதால் அந்தப் பக்கமே நின்றுவிட்டானா, சயாமில் ரயில் ரோடு போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா, யாருக்குத் தெரியும். அன்று சன்னாசி உன்னிடம் எந்த ஊர்ச் சேவல்கட்டு என்று சொன்னான் என்பதை ராஜுவிடம் உடனே சொல்லி அனுப்பு. என்னோடு பேச மனமில்லாவிட்டாலும் அவளுக்காகச் சொல்.

ஜப்பான்காரர்கள் எண்ணெய் தீர்ந்ததும் ஒன்றும் தேறாது என்று இஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் மறுபடி ஏறுகிறது. ஊரில் இனி நானும் உன் அம்மாவும்தான். நீ மட்டும் வா என்று நீ எழுதினதை இன்று உள்ளபடி படித்துக் காட்டினேன், நான் சேர்த்துப் படித்த வரிகளையும் சொன்னேன். நான் தனியா எங்க போவ, அவன வந்து கூப்பிடச் சொல்லுங்க என்றாள். அங்கே ஜாக்கிரதையாக இரு. காவல்காரனுக்குக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போ, முதுகு ஒன்றும் தேய்ந்துவிடாது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்றால் போகாதே, கதவைச் சாத்திச் சயாமுக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தின்னு. உனக்கு மீசை வளர்ந்திருக்குமா என்று அம்மா கேட்கிறாள், அதற்கும் ஒரு வரி எழுது.

எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து நீ நூறு வயது இருக்க வேண்டும். சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள் அம்மா. நாற்பத்தேழு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. தினம் போய்ப் பார்க்கிறேன், கையை நீட்டுவேன், எடுக்கமாட்டேன். மாட்டினவன் நீ. என் கணக்கில் நீ இன்னும் மேலே வரவில்லை. வந்து உன் கையால் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாவு
பம்பு இஞ்சின்காரன், லூபோக் மாஸ்