நாலு மணி பத்து நிமிடம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு மாதம் தாண்டினால் பெரிசு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் இல்லையா, இப்போதும் கைக்கடிகாரத்தைக் கழற்ற விடுவதில்லை. வாசலில் வண்டி நின்றால் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். நீ வருவாயா என்று மட்டும் கேட்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ வந்து போய் ஆறு வருஷமாகிறது. ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன்.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் என் நிலைமை உனக்குத் தெரியும். மூன்று விமானம் மாறி வந்து சேர இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். கிடைக்கிற லீவு வழியிலேயே போய்விடும். பக்கத்தில் இருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ சொன்னபடியே காத்திருக்காமல் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அப்பாவை எடுத்துவிட்டோம். மறுநாள் மதியம் வரை வைத்திருக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். அவன் என்ன பக்கத்துத் தெருவிலா இருக்கிறான் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். உன் இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 2

தம்பி,

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு பெண் விமான டிக்கெட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அளவெடுக்கும்போது உன் ஊரைச் சொல்லி, ரெண்டு நாள் பயணமாயிற்றே என்று அலுத்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். மூவாயிரத்து நூறு கிலோமீட்டராம். நேர் விமானம், தினமும் காலையில் ஒன்று. பயண நேரமே நாலு மணி பத்து நிமிடம்தான். புதன் மதியத்துக்குள் நீ வாசலில் நின்றிருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்து, மகன் அங்கே இருக்கிறான் என்று இதையே விசாரித்தாராம். தான் டிப்போ டைம் கீப்பர் என்று சொல்லி, புறப்படும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் எழுதி வாங்கிப் போனாராம்.

பத்து நிமிடம் லேட்டாக வந்த டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கியவர், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. யார் கேட்டாலும், "பாவம், ரெண்டு நாள் அலையணும் பிள்ளை" என்றுதான் சொன்னார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

முதல் வருஷம் லீவு கேட்கப் பயந்து சொன்ன பொய். அப்புறம் அதுவே வசதியாகிவிட்டது. அதைச் சொன்னால் யாரும் மேலே எதுவும் கேட்பதில்லை. அப்பாவுக்குத் தெரியும் என்று படித்ததும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வருகிறேன். உன் காலில் விழுகிறேன், இது நமக்குள்ளேயே இருக்கட்டும். சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

ஏப்ரல் 23

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உன்னைத் திட்டவில்லை. "ஒரு நாள் வெச்சிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார். அது உன்னைக் கேட்டதல்ல, என்னைக் கேட்டது. உன் பேச்சை நம்பி அப்பாவை அவசர அவசரமாக அனுப்பிவைத்தவள் நான்.

அப்பா உன் மானத்தைக் காப்பாற்றினார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. ஐந்தாம் தேதி வராதே. உன் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாவம். அவர்களுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்