சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட. அவர் கோபத்தில் விடுதிக்குப் போன் செய்வார். நோயாளிப் பிள்ளை வேண்டாமென்று என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் முதுகுவலி தேவலையா? போனில் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்பதால்தான் எழுதுகிறேன்.

நெஞ்செரிச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார் டாக்டர். வார்டனோ எல்லா மாத்திரைகளையும் பூட்டி வைத்து, சாப்பிட்ட பிறகுதான் கொடுத்தார். கேட்டதற்கு, "ஓஹோ, டாக்டரம்மா! ஊசியும் நீயே போட்டுக்கோயேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போன வாரம், "வருஷக்கணக்கா முழுங்கினா எலும்பு உளுத்துப் போயிடும்டி" என்று அடியோடு நிறுத்திவிட்டார்.

படுத்தால் புளிப்பு தொண்டைவரை ஏறுகிறது. உட்கார்ந்தே தூங்குவதால் பக்கத்துக் கட்டில்காரி என்னை "வாட்ச்மேன்" என்கிறாள்.

உயரமான தலையணை ஒன்று அனுப்பு. மாத்திரைகளைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடு. டாக்டரிடம் ஒன்று கேள். இன்று வாந்தியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. அப்படி வந்தால் உடனே வரச் சொன்னாரே, பரீட்சை முடியும்வரை பொறுக்கலாமா? எனக்குப் பயமெல்லாம் இல்லை. கதவைத் தட்டுகிறார்கள், அம்